பழந்தெருவிற் புதுமனை

காலிக் கோட்டையின் மதில்மேல் மாலை வேளையில் உலாவுவோர் கடலைப் பார்த்து நிற்பதே வழக்கம். கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு கணம் உட்புறத்தை நோக்குவாராயின், ஓட்டுக் கூரைகளாலான மற்றொரு கடலைக் காண்பர். அக்கூரைகளின் நடுவே ஒரு பழைய வீடு இடிந்து, அதன் நிலம் வெறுமையாய்க் கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். அங்கே இன்று ஒருவர் புதுமனை எழுப்ப வேண்டும். அதை எவ்வாறு அமைப்பது? இக்கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

விடை காண்பதற்கு முன் அத்தெருக்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் காலியில் அரண் அமைத்தனர். 1640 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரே இன்று நாம் காணும் பெருமதில்களையும் தெருக்களின் ஒழுங்கையும் ஆக்கியோர். பழைய வாயிலின் உட்புறத்தில் அவர்களது வணிகக் கம்பனியின் சின்னம் 1669 என்னும் ஆண்டோடு இன்றும் காணப்படுகிறது. கப்பற் கயிறு திரித்த இடம் லெயின் பான் வீதி என்று இன்றளவும் அப்பெயராலேயே வழங்குகிறது. 1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். கப்பல்கள் தொடர்ந்து வந்தன, ஊரும் செழித்தது. ஆனால் 1875 இல் கொழும்பிலே அலைதாங்கி கட்டத் தொடங்கியபின் கப்பல்கள் மெல்ல மெல்லக் கொழும்பை நாடின. காலியின் வாணிபம் தளர்ந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டப் பலரிடம் பணமில்லை. பிற்காலத்தார் வியந்து போற்றும் இப்பழமை பெருமளவுக்கு வறுமை காத்துத் தந்த பழமையே. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றது. அதன் பராமரிப்புக்கென ஒரு மன்றம் 1994 இல் சட்டத்தினால் அமைக்கப்பட்டது.

இனி வீட்டைப் பார்ப்போம். கோட்டை வீடு தெருவை ஒட்டியே நிற்கும். முன்னே வேலியுமில்லை, தோட்டமுமில்லை. தூண்கள் தாங்கிய விறாந்தை தெருவை நோக்கியிருக்கும். அதன்மேல் அரைவட்ட நாட்டோட்டுக் கூரை தாழ்ந்து இறங்கும். சுவர்கள் முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு மிகத் தடிப்பாகக் கட்டப்பட்டவை. மனையோ முகம் குறுகி, பின்னோக்கி நீண்டது. இருபுறமும் அயல்வீட்டுச் சுவர் நெருங்கி நிற்பதால் பக்கத்தில் யன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் நடு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்த முற்றத்திலிருந்தே வரும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருப்புறத்துக் குளிர்ந்த காற்று விறாந்தையூடாக உள்ளே நுழையும். நாற்சார் வீட்டிற் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

புதுமனை கட்டுவோர் பெரும்பாலும் இரண்டு வகையில் தவறுகின்றனர். ஒரு சாரார் பழமையைப் பொருட்படுத்தாது சீமெந்துப் பெட்டியொன்றை நிறுத்துவர். அது எவர் கண்ணுக்கும் உடனே தெரியும், அதிகாரிகளும் தடுப்பர். மற்றொரு சாரார் ஒல்லாந்தர் காலத்துத் தூணையும் கதவையும் அச்சுப் பிசகாமல் முன்புறத்தில் ஒட்டிவைத்து, உள்ளே முற்றத்தை மூடி அறைகளாக்குவர். பார்ப்பவர் இதைப் புகழ்வர். என் எண்ணத்தில் கேடு மிகுந்தது இதுவே. முற்றம் மூடப்பட்டதும் வீடு மூச்சுவிட மறக்கிறது. பிறகு குளிரூட்டும் யந்திரம் வேண்டும். அதன் வெப்பக் காற்றை அயல்வீட்டு முற்றத்தை நோக்கியே தள்ள வேண்டும். அதைத் தாங்கமாட்டாது அவ்வீட்டாரும் தம் முற்றத்தை மூடுவர். தெருவிலே நின்று பார்ப்பவனுக்கோ எதுவும் மாறியதாகத் தோன்றாது.

பழையதை நகல் செய்யாமலே பழையதன் அறிவைக் கைக்கொள்ளலாம் என்பதற்குக் கொழும்பிலே நல்ல சான்று உண்டு. 1960 ஆம் ஆண்டளவில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக ஒரு வீட்டை வரைந்தார். அவ்விடம் பழந்தெரு அன்று, நகர மனைதான். ஆயினும் வெளியே சுவரால் மூடி, உள்ளே பெருமுற்றத்தைச் சுற்றி அறைகளையும் தூண்களையும் நிறுத்தி, ஓட்டுக்கூரை வேய்ந்தார். அவ்வீடு பிற்காலத்திற் கழற்றப்பட்டு, லுணுகங்கையிலே மீண்டும் எழுப்பப்பட்டது. வேறு பல கட்டடங்களில் அவர் நெளிதகட்டின்மேல் நாட்டோட்டைப் பரப்பினார். மழையொழுக்கைத் தகடு தடுக்கும்; வெயிலை ஓடு தாங்கும்; பார்வைக்கும் பழைய கூரையே. புதுப்பொருள் வெட்கப்பட்டு ஒளியவுமில்லை, முன்னே வந்து கூச்சலிடவுமில்லை.

ஆகவே நம் வெறும் மனைக்கு மீள்வோம். சுவர் தெருக்கோட்டை விட்டுப் பின்வாங்கலாகாது. கூரை விளிம்பு அயல்வீட்டு விளிம்பின் உயரத்தை ஒட்டியே இறங்க வேண்டும். மாடி தேவையெனின் அதைப் பின்புறத்துக்குத் தள்ள வேண்டும். எதிர்ப்புற நடைபாதையில் நிற்பவனுக்கு அது தென்படலாகாது. தூணின் செதுக்குவேலை புதியதாய் இருப்பதிற் குற்றமில்லை. முற்றம் மட்டும் திறந்தே இருக்க வேண்டும்.

மாடி என்றேன், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. மகளுக்கு மணமானால் ஓர் அறை வேண்டும். முதிய தாய்க்குப் படுக்கைக்கருகே குளியலறை வேண்டும். அனுமதிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்து சலித்தவரிடம், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டார் பெருவிலை கூறினர். பல வீடுகள் கைமாறி விடுதிகளாகவும் கடைகளாகவும் ஆயின. சில முற்றங்கள் நீந்தும் தடாகங்களாயின. கூரை பழையது, தூண் பழையது. மாலையில் விறாந்தையில் அமர்ந்து தெருவோடு பேசும் கிழவரைத்தான் காணோம். தூணை அளக்கும் சட்டம் அவருடைய தேவையையும் அளந்திருக்க வேண்டும்.

வரைபடம் தீட்டுமுன் கட்டடக் கலைஞர் அவ்வெறும் மனைக்கு ஒரு நண்பகலிலும், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஒரு பொழுதிலும் சென்று நிற்கட்டும். மழை எப்பக்கத்திலிருந்து சாய்ந்து வருகிறது, வெள்ளம் எவ்வழி ஓடுகிறது என்பதை அயல்வீட்டார் சொல்வர். ஒல்லாந்தர் கூரையை ஏன் அவ்வளவு தாழ இறக்கினர் என்பதை அவரே அப்போது அறிவார்.