நடுவும் இடையும்: பரமேசுவரரின் சைன் விதி

இடைமதிப்புத் தேற்றத்தை முதலில் கண்டவர் கேரளத்துப் பரமேசுவரர் என்னும் கூற்று கணித வரலாறு பற்றிய எழுத்துகளில் பலவிடத்தும் காணப்படுகிறது. இதில் உண்மை உண்டு. பெயரிடலின் வழியே நுழைந்த மிகையும் உண்டு.

ஆனைமலைத் தொடரில் தோன்றிப் பாலக்காட்டைக் கடந்து பொன்னானியில் கடலை அடைவது பாரதப்புழை என்னும் நிளா ஆறு. அதன் கழிமுகத்தை அடுத்த வடகரையில், ஆலத்தூரில், வடசேரி இல்லத்தில் வாழ்ந்தவர் பரமேசுவரர். இவ்வூர் பாலக்காட்டு ஆலத்தூரன்று; திரூருக்கு அண்மையிலுள்ள ஆலத்தியூராகும். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கோள்களையும் கிரகணங்களையும் நோக்கிய அவர், 1431இல் 'த்ருக்கணிதம்' இயற்றினார். தமிழ்ப் பஞ்சாங்கங்களில் வழங்கும் 'திருக்கணிதம்' என்பதும் இச்சொல்லே. அதிலுள்ள 'திரு' அடைமொழியன்று, காட்சியைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. அவரது ஊர்ப்பெயர் வடமொழியில் 'அசுவத்தகிராமம்' எனப்பட்டது. அசுவத்தம் அரசமரம், ஆலுக்குரிய வடசொல்லோ 'வடம்'. பெயர்ப்பில் ஆல் அரசாகிவிட்டது.

கோவிந்தசுவாமியின் மகாபாஸ்கரீய உரைக்குப் பரமேசுவரர் எழுதிய விளக்கம் 'சித்தாந்ததீபிகை'. சைன் மதிப்பு தெரிந்தவிடத்து அதற்குரிய வில்லைக் காண்பதற்கு அவர் தரும் விதியின் கருத்து வருமாறு: இரு சைன்களின் வேறுபாட்டை ஆரத்தால் பெருக்கி, இரு விற்களுக்கும் நடுவிலுள்ள கோசைனால் வகுத்தால் வில்வேறுபாடு கிடைக்கும். ஆரம் 3438 எனக் கொள்க. 225, 450 கலைகளுக்குரிய சைன்கள் 225, 449, வேறுபாடு 224. நடுவான 337½ கலையில் கோசைன் ஏறத்தாழ 3421. எனவே வில்வேறுபாடு 225 ஆகிறது. தேடப்படும் வில் தெரியாதபோது அதன் நடுவும் தெரியாதாகையால், தோராய மதிப்பில் தொடங்கி மீண்டும் மீண்டும் திருத்திச் செல்லவேண்டும். இவ்விதியில் எஞ்சும் பிழை, நாணுக்குப் பதிலாக வில்லையே கொள்வதால் எழுவது மட்டுமே. பதினைந்தாம் நூற்றாண்டுக் கணக்கீட்டுக்கு இது வியக்கத்தக்க நுட்பமாகும்.

ஆயினும் இது தேற்றமன்று. 1691இல் ரோல் பல்லுறுப்புக் கோவைகளுக்கு நிறுவியதும், 1823இல் கோஷி வகையிடத்தக்க சார்புகளுக்கு நிறுவியதும் வேறு வகையின. வளைவரையின் இரு புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வுக்கு ஒத்த தொடுகோடு இடையில் எங்கேனும் ஒரு புள்ளியில் உண்டு என்பதே இடைமதிப்புத் தேற்றம். அப்புள்ளி எது என அது கூறுவதில்லை. பரமேசுவரரோ எது எனக் கூறுகிறார். இருப்பை நிறுவ முற்படவில்லை.

ஆர். சி. குப்தா 1979இல் இவ்விதியைப் பற்றி எழுதியபோது, கட்டுரைத் தலைப்பிலேயே இதனை இடைமதிப்பு 'வகை' வாய்பாடு என்றே குறித்தார். பின்வந்த சுருக்கங்கள் சிலவற்றில் 'வகை' உதிர்ந்தது, வாய்பாடு தேற்றமாயிற்று.

வடமொழியின் 'மத்திய' நடுப்புள்ளியையும் இடைப்பட்ட எதனையும் குறிக்கவல்லது. தமிழிலோ 'நடு' ஒரு புள்ளி. 'இடை' ஒரு வெளி. தேற்றத்திற்கு இடைமதிப்பு, சராசரி மதிப்பு என இரு பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. முன்னது புள்ளியின் இருப்பிடத்தையும், பின்னது சாய்வின் தன்மையையும் சுட்டும். பரமேசுவரரின் விதியைத் தமிழில் பெயர்ப்போர் இவ்விரண்டையும் விடுத்து 'நடுக்கோசைன் விதி' எனலாம்.