பல்லாவரத்துக் கல்லும் ஆதியாகமத்தின் வரிசையும்



1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டனர். அவ்விடத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

பூட்டின் மாமனார் யார் என்று அறிவீர்களா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் ஐயர்தாம் அவர். அந்தக் கல்லும் தமிழ் ஆதியாகமமும் ஒரே குடும்பத்தின் கைகளில் இருந்தன.

இன்று கல்லூரியில் பயிலும் உங்கள் பிள்ளை, "இந்தக் கல் ஆதாமுக்கு முந்தியதா, பிந்தியதா?" என்று கேட்கலாம். அதட்டி அடக்கினால், கல்லா வேதமா என்று அவன் தனியே முடிவெடுக்க நேரிடும். ஆகையால் முதலில் இதை ஆராய்வோம்: ஆதியாகமம் கால வரிசைப்படிதான் பேசுகிறதா?

முதல் அதிகாரத்தில் மரங்கள் மூன்றாம் நாளிலும் மிருகங்களும் மனிதனும் ஆறாம் நாளிலும் வருகின்றன. இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முந்துகிறான். அதன்பின் தோட்டத்து மரங்கள், அதன்பின் மிருகங்கள். பத்தாம் அதிகாரத்தில் நோவாவின் சந்ததியார் தங்கள் தங்கள் பாஷையின்படி பிரிந்திருக்கிறார்கள். பதினோராம் அதிகாரமோ பூமியெங்கும் ஒரே பாஷை இருந்த காலத்துக்குத் திரும்புகிறது. இது எழுதியவரின் மறதி அன்று. முதல் அதிகாரம் முழுப் படைப்பையும் உயரத்திலிருந்து காட்டுகிறது. இரண்டாம் அதிகாரம் மண்ணில் மனிதனை உருவாக்கும் கரத்தை அருகிலிருந்து காட்டுகிறது. பத்தாம் அதிகாரம் ஜாதிகளை எண்ணுகிறது. அடுத்தது அவை சிதறியதன் காரணத்தைச் சொல்லுகிறது.

நம் மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முதல் வரியும் கடைசி வரியும் இல்லை. நடுவிலுள்ள பிளவை நோக்கியே இருபுறத்து உருவங்களும் திரும்பியிருக்கின்றன. சிற்பி வைத்த மையத்தைக் கண்டவர்க்கே முழுக் காட்சியும் விளங்கும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களையும் அப்படியே அவற்றின் மையமான தேவனை நோக்கி வாசிப்போம்.

'விஞ்ஞானத்துக்கு அஞ்சி வேதத்தை வளைக்கிறீரோ?' என்று சிலர் கேட்கலாம். அன்று, பல்லாவரத்துக் கல் கிடைப்பதற்கு 1400 ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த ஆறு நாட்களும் நாம் அறிந்த நாட்களைப் போன்றவை அல்ல என்று பரிசுத்த அகஸ்டின் எழுதினார்.

கல்லின் வயதை மண் அடுக்குகளிடம் கேளுங்கள். அதைச் செதுக்கிய கையை உண்டாக்கியவர் யார் என்பதை வேதத்திடம் கேளுங்கள். இந்த வாரம் ஆதியாகமம் 1, 2, 10, 11 ஆகிய அதிகாரங்களை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் பயப்படாதிருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.