வெயில் ஊரில் உறையும் எஞ்சின்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருக்கா வாசித்தும் காட்டுங்கள்.

காத்தான்குடியிலிருந்து வவுணதீவுப் பக்கம் தினமும் படிப்பிக்கப் போகிறவன் நான். வலையிறவுப் பாலத்தை நோக்கிப் போகும்போது திமிலைதீவில் நம் விமான நிலையம் இருக்கிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் வாவியிலிருந்து எழும்பும் புகார் அந்த ஓடுபாதையை மூடிக் கிடக்கும். ஹெல்மட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் மோட்டார் சைக்கிள் ஓடுவேன். அந்த ஈரக் காற்றுக்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கும் என்று போன கிழமை வரை நான் நினைத்ததில்லை.

போன கிழமை விஞ்ஞானப் பாடம். ஆவியாதல் படிப்பித்துக் கொண்டிருந்தேன். ஒரு பையன் எழும்பினான். அவனுடைய மச்சான் ரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறாராம்.

"சேர், எஞ்சினுக்குள்ள ஐஸ் பிடிக்கும், கவனமா இருக்கணும் என்டு முதல்லயே சொல்லிக் குடுத்தாங்களாம். நம்மட வெயிலுக்குத் தார் ரோட்டே உருகுது. எங்கயிருந்து சேர் ஐஸ் வரும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பதில் தெரியாததால் வந்த சிரிப்பு அது. அன்றிரவு உட்கார்ந்து தேடி வாசித்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் 1758ஆம் ஆண்டுக்குப் போவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜோன் ஹாட்லியும் ஒரு பரிசோதனை செய்தார்கள். வெப்பமானியின் குமிழை ஈதரில் நனைப்பது, ஊதி ஆவியாக்குவது, திரும்ப நனைப்பது. அறையின் வெப்பநிலை சுமார் 18 பாகை செல்சியஸ். வெப்பமானியோ சைபருக்குக் கீழே 14 பாகை வரை இறங்கியது. குமிழைச் சுற்றிப் பனிக்கட்டி படிந்தது. குளிர்காலமும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். கையில் பெற்றோல் பட்டால் சில்லென்று இருக்குமே, அதே சங்கதி.

இனி காபரேட்டர். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்று ஒரு ஒடுங்கிய தொண்டை வழியாக வேகமாகப் போகும். அந்த இடத்தில் அமுக்கம் குறைய, பெற்றோல் உறிஞ்சப்பட்டுப் பூம்புகையாகக் காற்றோடு கலக்கும். அமுக்கம் குறைவதாலும் குளிர்கிறது, பெற்றோல் ஆவியாவதாலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் தொண்டைக்குள் 20, 30 பாகை, சில நேரம் அதற்கும் மேல் வெப்பநிலை விழும். வெளியே 28 பாகை என்றாலும் உள்ளே சைபருக்குக் கீழே போய்விடலாம். அப்போது காற்றிலுள்ள நீராவி அங்கேயே உறைந்து, த்ரொட்டில் தட்டைச் சுற்றிப் படியும். காற்றுப் போகும் வழி அடைபடும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகள் கைநூல் இப்படிச் சொல்கிறது: 21 பாகைக்குக் கீழும் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலும் இருந்தால் ஆபத்து மிக அதிகம். ஆனால் 38 பாகை வெயிலிலும், ஈரப்பதன் 50 வீதமாக இருந்தாலும் ஐஸ் பிடிக்கலாம். ஆக, இதற்குப் பனி நாடு தேவையில்லை. ஈரக் காற்றுப் போதும். அது நம் வாவிக்கரையில் தாராளமாக இருக்கிறது.

விமானிகள் இதைக் கற்றுக்கொண்ட கதைக்கு வருவோம்.

1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சினில் இன்றைய மாதிரிக் காபரேட்டர் இருக்கவில்லை. பெற்றோல் சூடான எஞ்சினின் பக்கத்தில் சொட்டி, அந்தச் சூட்டிலேயே ஆவியானது. பிறகு நல்ல காபரேட்டர்கள் வந்தன. கூடவே இந்த வியாதியும் வந்தது.

1927 மே மாதம் சார்ள்ஸ் லிண்ட்பேர்க் தன் புது விமானத்தை சான் டியாகோவிலிருந்து சென் லூயிசுக்கு ஓட்டிச் சென்றார். இரவில் மலைகளுக்கு மேலே போகும்போது எஞ்சின் இருமத் தொடங்கியது, வலு குறைந்தது. இறங்க இடமில்லாத இருட்டு. எப்படியோ சமாளித்துப் போய்ச் சேர்ந்தார். காரணம் காபரேட்டர் ஐஸ் என்று முடிவு செய்து, நியூயோர்க்கில் வைத்து அந்த எஞ்சினுக்குக் காற்றைச் சூடாக்கும் கருவி பூட்டினார்கள். அதே மாதம் 20ஆம் திகதி புறப்பட்டு, முப்பத்து மூன்றரை மணித்தியாலத்தில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்து உலகப் புகழ் பெற்றார். புகழை எல்லோரும் படிக்கிறோம். அந்தச் சின்னக் கருவியை யாரும் படிப்பதில்லை.

ரத்மலானைக்கு அந்தத் தலைமுறை விமானம் வந்தது 1935 நவம்பர் 27இல். சென்னை விமானக் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ, ஒரு சிறிய பஸ் மொத் விமானத்தில் சென்னையிலிருந்து வந்து ரத்மலானையில் முதன்முதலாக இறங்கினார். அதற்கும் காபரேட்டர் எஞ்சின்தான். 1951இல் நம் விமானப்படை தொடங்கியபோது பயிற்சிக்கு வந்த சிப்மங் விமானங்களும் அப்படித்தான்.

1958இல் மட்டக்களப்பு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டுதான் அமெரிக்காவில் செஸ்னா 150 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தின் உற்பத்தியும் தொடங்கியது. 23,000க்கும் மேல் செய்தார்கள். நம் விமானப்படையும் அதில் விமானிகளைப் பழக்கியிருக்கிறது. அதன் 100 குதிரைவலு எஞ்சினில் காபரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியில் பொருந்தாமல் தள்ளியே இருப்பதால் ஐஸ் பிடிப்பதில் பேர்போனது. பின்னால் வந்த செஸ்னா 152இல் காபரேட்டர் எண்ணெய்த் தொட்டியோடு சேர்ந்திருப்பதால் ஆபத்துக் குறைந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மாணவ விமானி இறங்குவதற்காக த்ரொட்டிலைக் குறைக்கிறார். தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியில்தான் குளிர் கூடும், அடைப்பும் இலகுவாக விழும். எஞ்சினின் சுற்று மெதுவாகக் குறையும். இறக்கத்தில் அது தெரியாமலும் போகலாம். திரும்ப வலு கொடுக்கும்போதுதான் எஞ்சின் வராது.

மருந்து கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு குமிழை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று காபரேட்டருக்குள் வரும். ஆனால் அதை இழுத்தவுடன் எஞ்சின் இன்னும் மோசமாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதோடு உருகிய தண்ணீரும் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் குலுங்கும், இருமும். பழகாதவர் பயந்து, "பிழையாகச் செய்துவிட்டேன்" என்று குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். உயிரைக் காப்பாற்ற வேண்டியது இன்னும் கொஞ்ச நேரப் பொறுமை. அந்தப் பொறுமை இல்லாமல் போன விமானங்கள் பல. பிந்தினாலும் ஆபத்துத்தான். எஞ்சின் நின்றால் புகைக்குழாய் ஆறிவிடும், மருந்துக்கும் சூடு இருக்காது. அதனால்தான் த்ரொட்டிலைக் குறைக்க முதலே குமிழை இழுக்கப் பழக்குகிறார்கள்.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? விசாரணைக்காரர் வரும்போது ஐஸ் உருகிப் போயிருக்கும். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பிழையும் இருக்காது. அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதனையும் பார்த்து, "இதுவாக இருக்கலாம்" என்று எழுதத்தான் முடியும். சாட்சியம் தானே அழிந்து போகிற விபத்து இது.

பிறகு எப்படி இவ்வளவு அறிவு சேர்ந்தது? தப்பி வந்தவர்கள் வாய் திறந்து சொன்னதால். "நான் குமிழை இழுக்க மறந்தேன்", "பயந்து திரும்பத் தள்ளினேன்" என்று ஒத்துக்கொண்டதால்.

அப்படிச் சொல்லாததன் விலையையும் பார்த்திருக்கிறார்கள். 1974 டிசம்பர் 1இல் வொஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அது ஐஸ் விபத்து அல்ல. ஆனால் ஆறு கிழமைக்கு முதல் வேறொரு கம்பனியின் விமானிகள் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்த எச்சரிக்கை அவர்களுடைய கம்பனிக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பிறகு 1976இல் நாசா நடத்தும் ஓர் அறிக்கை முறை வந்தது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே வராது. பிழையை மறைப்பவரைவிடச் சொல்பவர் சமூகத்துக்குப் பயன்படுகிறார் என்று விளங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

இதை வாசித்தபோது என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. பிழை விட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்துகிறோம். பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? பிழையை மறைக்க. ஆசிரியர் கலாசாலையில் எனக்குப் பாடத்திட்டம் எழுதப் பழக்கினார்கள். "தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்ல, இந்தப் பையன்தான் பழக்கினான்.

அடுத்த நாள் வகுப்பில் அவனிடம், "நேற்று நானும் சிரித்தது பிழை மகன். உன்ட கேள்வி சரி" என்று சொன்னேன். பிறகு ஆளுக்கொரு துளி நெயில் பொலிஷ் ரிமூவர் கையில் விட்டு ஊதிப் பார்த்தோம். அன்று ஆவியாதல் பாடம் ஒருவருக்கும் மறக்காது.

நம் விமான நிலையம் 1983இல் விமானப்படையின் கைக்குப் போனது. என் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் விமானச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடத்தான் தெரியும். 2018இல் அது உள்ளூர் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்றைக்கு அதே வவுணதீவில் ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்து, "அந்த எஞ்சின் எப்படி வேலை செய்யுது சேர்?" என்று கேட்கிறது. இந்த மாற்றத்தைப் பாதுகாக்க வேண்டியது நாங்கள்தான்.

பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் சிரிக்காதீர்கள். பிழையை ஒத்துக்கொண்டால் அடிக்காதீர்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். திமிலைதீவில் விமானம் வந்திறங்கிய அந்தக் காலத்து ஞாபகங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாத வாப்பா, அப்பப்பாமார் சொன்னால் பேரப்பிள்ளைகள் எழுதி விடுங்கள். எழுதி வைக்காவிட்டால் அதுவும் அந்த ஐஸ் மாதிரி உருகிப் போய்விடும்.

ரத்மலானையில் பழகுகிற அந்தத் தம்பிக்கும் என் துஆக்கள். குமிழை நேரத்தோடு இழுங்கள் தம்பி. எஞ்சின் இருமினாலும் கையை எடுக்காதீர்கள்.