கொரியர் உணவொழுக்கமும் அதன் வரலாறும்

ஒரு நாட்டினரின் வரலாறு போர்க்களத்திலும் அரசவையிலும் மாத்திரம் காணப்படுவதன்று. அவர் உண்ணும் முறையிலும் அது பொதிந்து கிடக்கின்றது. கொரிய நாட்டிற்குச் செல்லும் யாத்திரிகர் அந்நாட்டு உணவொழுக்கங்களின் காரணத்தை அறிந்து செல்வாராயின், அவற்றை வெறும் விதிகளாகக் கொள்ளார்.

சீனரும் சப்பானியரும் சோற்றைக் குச்சிகளால் உண்பர். கொரியரோ சோற்றையும் சூப்பையும் கரண்டியாலும், ஏனைய கறிவகைகளைக் குச்சிகளாலும் உண்பர். இவ்விரண்டும் அவர்க்குப் பழமையானவை. பேக்சே நாட்டரசன் முர்யோங் கி. பி. 523 இல் இறந்தான். 1971 இல் கொங்சு நகரிற் கண்டெடுக்கப்பட்ட அவன் கல்லறையினுள் வெண்கலக் கரண்டிகளும் குச்சிகளும் இருந்தன. கரண்டி கொண்டு உண்பதனால் கலத்தைக் கையிலேந்த வேண்டுவதில்லை. ஏந்துதல் பண்பன்றென்றுங் கருதப்படும்.

சோசன் மரபினர் ஆண்ட காலத்தில் (1392–1910) கன்பூசியஸ் நெறி அரசியலை மாத்திரமன்றி இல்லறத்தையும் ஆண்டது. உயர்குடியினர் இல்லங்களில் தனித்தனிச் சிறு மேசைகளில் உணவு படைக்கப்பட்டது. யி தொக்மு என்னும் அறிஞர் 1775 இல் இயற்றிய ‘சாசோசொல்’ என்ற நூல் உண்ணும் முறைகளையும் வகுத்துரைத்தது. இன்று பலரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து உண்பராயினும், மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையவர் உண்ணத் தொடங்குதல் மரபு. பெரியோர் மதுவை வார்க்குங்கால் இளையோர் கிண்ணத்தை இருகைகளாலும் ஏற்று, முகத்தைச் சற்றே திருப்பிப் பருகுவர்.

சோற்றிற் கரண்டியையோ குச்சியையோ செங்குத்தாக நாட்டுதல் பெருங் குற்றமாம். இறந்த முன்னோர்க்குப் படைக்கும் சோற்றிலேயே கரண்டி அவ்வாறு நாட்டப்படும். அறியாது அதனைச் செய்யும் விருந்தினன், உயிருள்ளோர் உண்ணும் மேசையைப் பிதிர்க்கடன் ஆற்றும் இடமாக்கி விடுகின்றான். ‘கரண்டியைக் கீழே வைத்தான்’ என்பது அவர் மொழியில் ‘இறந்தான்’ எனவும் பொருள்படும்.

கடுங்குளிர் காலத்திற்கென மரக்கறிகளை உப்பிட்டுப் புளிக்க வைத்ததன் பயனே கிம்ச்சி. இன்று அதற்குச் செந்நிறமூட்டும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. கொரிய நூலொன்றில் 1614 இல் அது குறிக்கப்படுகின்றது. அதற்கு முந்திய கிம்ச்சியில் மிளகாய் இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் அயலவர் கூடிக் கிம்ச்சி ஆக்கும் வழக்கத்தைத் தென்கொரியாவின் மரபுரிமையாக 2013 இலும், வடகொரியாவில் கிம்ச்சி ஆக்கும் மரபினை 2015 இலும் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. 1945 இற் பிரிக்கப்பட்டு, 1950 முதல் 1953 வரை தம்முட் பொருத மக்களை இச்சாடி இன்னும் ஓரினமாகவே காட்டி நிற்கின்றது.

குடும்பத்தினரைக் குறிக்கும் கொரியச் சொல் ‘சிக்கு’ என்பதாம். ‘உண்ணும் வாய்கள்’ என்பது அதன் பொருள். மூத்தவர் கரண்டியை எடுக்கும் வரை பொறுத்திருக்கும் யாத்திரிகர், அவ்வொரு கணமேனும் அக்குடும்பத்துள் ஒருவராகின்றார்.