பின்களத்துக்கு முன்னால் ஒரு காவல்: கால்பந்தில் நடுக்களத்தின் தற்காப்பு வரலாறு

கால்பந்தில் ஓர் அணி கோல் வாங்கினால் பழி பெரும்பாலும் கோல்காப்பாளர் மீதும் அவருக்கு முன்னால் நிற்கும் பின்கள ஆட்டக்காரர்கள் மீதும் விழுகிறது. பந்து வலைக்குள் போகும் நேரத்தில் அருகில் இருப்பவர்கள் அவர்களே என்பதால் பார்ப்போரின் கண்ணும் அவர்களையே பற்றிக்கொள்கிறது. ஆனால் பெயர்பெற்ற அணிகள் நிலைகுலைந்த ஆட்டங்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்தால், பலவற்றில் பின்களம் உடைவதற்கு முன்பே நடுக்களம் உடைந்திருப்பதைக் காணலாம். இரு பெனால்டி எல்லைகளுக்கும் இடைப்பட்ட அகன்ற பரப்பில் ஆடும் நடுக்கள ஆட்டக்காரர்களைப் பந்தை முன்னுக்குக் கொண்டுசெல்பவர்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். தற்காப்பில் அவர்களுக்குள்ள பங்கோ அதற்குச் சற்றும் குறைந்ததன்று. எதிரணியில் பந்து வைத்திருப்பவரை நெருக்கி அவர் தலைநிமிர்ந்து பார்க்க விடாமல் செய்வதும், முன்கள ஆட்டக்காரரின் காலுக்குப் பந்து நேராகச் செல்லும் வழியை மறித்து நிற்பதும், தாக்குதலுக்காக முன்னேறிய தோழரின் இடத்தை நிரப்புவதும் அவர்களின் பொறுப்பு. இம்மூன்றும் தவறும்போது பின்கள ஆட்டக்காரருக்கு இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன: பந்தோடு வருபவரை எதிர்கொள்ள முன்னே சென்றால் அவர் விட்டுவந்த இடம் திறந்துகொள்ளும், நின்ற இடத்திலேயே நின்றால் வருபவர் நிதானமாகக் குறிபார்த்து உதைப்பார். மதகில் அடைக்காத வெள்ளத்தை வயல் வரப்பில் தடுக்க முயல்வதைப் போன்றது அந்த நிலை.

தொடக்ககால ஆட்டத்தில் நடுக்களம் என்ற எண்ணமே அரிதாக இருந்தது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் பன்னாட்டு ஆட்டத்தில் இங்கிலாந்து ஏழெட்டுப் பேரை முன்களத்தில் நிறுத்தியது. அவ்வாட்டம் கோல் இன்றியே முடிந்தது. 1880களில் பின்களத்தில் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற அமைப்பு பரவியபோதுதான் நடுக்களம் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. நடுவில் நின்ற மூவர் ஹாஃப்-பேக் எனப்பட்டனர். அவர்களுள் மையத்தில் ஆடிய சென்டர்-ஹாஃப், தாக்குதலைத் தொடங்கிவைப்பவராகவும் எதிரணியின் தாக்குதலை முதலில் சந்திப்பவராகவும் இருந்தார்.

இந்த அமைப்பைக் குலைத்தது 1925இல் செய்யப்பட்ட விதித் திருத்தம். அதுவரை, தனக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருந்தால்தான் தாக்குபவர் ஆஃப்சைடு ஆகாமல் பந்தைப் பெறலாம். திருத்தத்துக்குப் பின் இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தைய பருவத்தில் 1,192ஆக இருந்த கோல் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 1,703ஆக உயர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்ற ஆர்சனல், அணியின் மூத்த ஆட்டக்காரர் சார்லஸ் பக்கன் வற்புறுத்தியபடி சென்டர்-ஹாஃபைப் பின்களத்துக்கு இறக்கியது. பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் அதை மேலும் செம்மைப்படுத்தி, மேலிருந்து பார்த்தால் டபிள்யூ, எம் என்னும் இரு ஆங்கில எழுத்துகளைப் போலத் தோன்றும் அமைப்பாக வளர்த்தெடுத்தார். பின்களத்தில் மூவர், அவர்களுக்கு முன்னால் இரு ஹாஃப்-பேக்குகள், இன்னும் முன்னால் உள்-முன்கள ஆட்டக்காரர் இருவர் என்று நிற்க, நடுக்களம் நால்வர் கொண்ட சதுரமாயிற்று. ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஓர் இணை உண்டு. அவரைப் பின்தொடர்வதே தற்காப்பு. எதிரணியும் இதே அமைப்பில் ஆடும்வரை இந்த ஏற்பாட்டில் பழுதேதும் தெரியவில்லை. ஆனால் அது காத்தது ஆளையே அன்றி இடத்தையன்று என்பதால், எதிராளி எதிர்பாராத இடத்தில் நின்றுகொண்டால் நடுக்களம் ஆளற்றுப் போகும் அபாயம் இதற்குள்ளேயே இருந்தது.

அந்த அபாயம் 1953 நவம்பர் 25 அன்று லண்டனின் வெம்பிளி அரங்கில், லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில் வெளிப்பட்டது. ஐரோப்பியப் பெருநிலத்து அணி எதனிடமும் சொந்த மண்ணில் அதுவரை தோற்றிராத இங்கிலாந்தை, குஸ்தாவ் செபெஷ் பயிற்றுவித்த ஹங்கேரி 6-3 என்று வென்றது. ஹங்கேரியில் 9 என்ற எண்ணை அணிந்து மைய முன்கள ஆட்டக்காரராகக் களமிறங்கிய நாண்டோர் ஹிதெகுட்டி, அந்த எண்ணுக்குரிய இடத்தில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி நின்றார். அவரைப் பின்தொடர வேண்டியவர் இங்கிலாந்தின் சென்டர்-ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன். பின்தொடர்ந்தால் கோலுக்கு நேர் எதிரே வெற்றிடம் உண்டாகும். தொடராவிட்டால் ஹிதெகுட்டி தடுப்பாரின்றிப் பந்தைப் பெறுவார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள், பெனால்டி எல்லைக்கு வெளியே பந்தைப் பெற்ற ஹிதெகுட்டி நெருக்குவாரின்றி உதைத்து முதல் கோலை அடித்தார்.

ஜான்ஸ்டனின் தடுமாற்றம் பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு அவரை ஆளாக்கிய நடுக்களத்தின் நிலை அதைவிடக் கவனத்துக்குரியது. இங்கிலாந்தின் ஹாஃப்-பேக்குகளான பில்லி ரைட்டும் ஜிம்மி டிக்கின்சனும் ஹிதெகுட்டியைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தால் ஜான்ஸ்டன் தன் இடத்தை விட்டு நகர வேண்டியிருந்திராது. ஆனால் அவர்களின் இணைகளான ஃபெரன்ஸ் புஷ்காஷும் ஷாண்டோர் கோச்சிஷும் பெனால்டி எல்லையை ஒட்டி மேலே நின்றதால், ஆளைத் தொடர்வதே கடமை என்று பழகிய இருவரும் பின்களத்தோடு ஒட்டிப்போனார்கள். விளைவாக நடுக்களத்தின் மையத்தில் ஹிதெகுட்டிக்கும் ஹங்கேரியின் ஹாஃப்-பேக் யோஷெஃப் போஷிக்குக்கும் எதிராக நின்றவர்கள், தடுப்பாட்டத்தில் பயிற்சி குறைந்த இங்கிலாந்தின் உள்-முன்கள ஆட்டக்காரர்களான எர்னி டெய்லரும் ஜாக்கி செவெலும் மட்டுமே. மறுபுறம் ஹங்கேரி, தன் ஹாஃப்-பேக்குகளில் ஒருவரான யோஷெஃப் ஸகாரியாஷை முன்னேறவிடாமல் பின்களத்தின் அருகிலேயே நிறுத்தி, தன் அணியில் அதே வெற்றிடம் தோன்றாமல் பார்த்துக்கொண்டது. அன்றைய மூன்றாவது ஹங்கேரிய கோலில், புஷ்காஷ் பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, அதைப் பறிக்கச் சறுக்கிப் பாய்ந்த ரைட் வெறும் தரையைக் கடந்து சென்றார். புஷ்காஷின் திறமைக்குச் சான்றாக இக்காட்சி இன்றும் காட்டப்படுகிறது. ஹாஃப்-பேக் ஒருவர் தன் கோலுக்குச் சில அடி தொலைவில் கடைசித் தடுப்பாளராக நிற்க நேர்ந்ததற்கும் அதுவே சான்று. ஹிதெகுட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போஷிக் ஒன்று என்ற அன்றைய கணக்கில், நடுக்களத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் அடித்தவை மட்டும் நான்கு.

1954 மே 23 அன்று புடாபெஸ்டில் நடந்த மறு ஆட்டத்தில் இங்கிலாந்து ஜான்ஸ்டனுக்குப் பதிலாக சிட் ஓவனைச் சென்டர்-ஹாஃபாக நிறுத்தியது. ஆள் மாறினார், அவருக்கு முன்னிருந்த வெற்றிடம் மாறவில்லை. ஹங்கேரி 7-1 என்று வென்றது.

வெம்பிளியில் இங்கிலாந்தின் வலது பின்களத்தில் ஆடிய ஆல்ஃப் ராம்சே பிற்காலத்தில் அந்நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 1966 உலகக் கோப்பையில் அவர் கோட்டோரம் ஓடும் விங்கர்களைக் கைவிட்டு நடுக்களத்தில் ஆட்களைக் கூட்டியதோடு, நால்வர் கொண்ட பின்களத்துக்கு முன்னால் நாபி ஸ்டைல்ஸை நிறுத்தினார். எதிரணி ஆட்டக்காரர் எவர் இடைவெளியில் இறங்கி நின்றாலும் அவரை எதிர்கொள்வது ஸ்டைல்ஸின் வேலை. அரையிறுதியின் பிற்பகுதியில் போர்ச்சுகலின் யூசேபியோ பெனால்டியில் அடிக்கும்வரை அத்தொடரில் இங்கிலாந்து ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோல்காப்பாளர் கார்டன் பாங்க்ஸுக்கும் மையப் பின்கள ஆட்டக்காரர் பாபி மூருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. எனினும் அவர்கள் இருவரும் 1953இன் ஜான்ஸ்டனைப் போல ஆதரவின்றி விடப்படவில்லை.

இடைவெளியை அடைக்க ஒருவரை நிறுத்துவது அழகிய ஆட்டத்துக்குப் பகை என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. அதன் மிகச் சிறந்த உருவம் 1982 உலகக் கோப்பையில் ஆடிய பிரேசில். செரேசோ, ஃபால்கோ, சாக்ரடீஸ், ஜீக்கோ என்று நால்வருமே படைப்பாளிகளாக இருந்த அந்த நடுக்களம் கண்ணுக்கு விருந்தாக இருந்தது. பார்சிலோனாவின் சாரியா அரங்கில் இத்தாலிக்கு எதிராகச் சமன் செய்திருந்தாலே அரையிறுதிக்குப் போயிருக்கலாம். ஆனால் செரேசோ தன் பாதியில் குறுக்காக அனுப்பிய ஒரு பந்தைப் பாவ்லோ ரோசி இடைமறித்து இரண்டாவது கோலை அடிக்க, பிரேசில் 3-2 என்று தோற்றது. ரோசியின் மூன்றாவது கோல் கார்னரிலிருந்து வந்தது என்பதால் அத்தோல்வி முழுவதையும் நடுக்களத்தின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஆயினும் பிரேசிலியப் பயிற்சியாளர்கள் அதிலிருந்து கற்ற பாடம் கடுமையானது: 1994இல் கோப்பையை வென்ற அணியில் துங்காவும் மௌரோ சில்வாவும் நடுக்களத்தில் இருந்தபடியே பக்கவாட்டுப் பின்கள ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்ற இடங்களைக் காத்தனர், ஏழு ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் மூன்றுதான்.

மாட்ரிட் நகரம் இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. 2003 கோடையில் ரியல் மாட்ரிட் கழகம் டேவிட் பெக்கமை வாங்கிவிட்டு, ஊதிய உயர்வு கேட்ட க்ளோட் மகலெலேயைச் செல்சிக்கு விற்றது. கோல் அடிக்காத, நீண்ட பந்துகளை அனுப்பாத மகலெலேயின் இழப்பு பெரிதல்ல என்று கழகத் தலைமை கருதியது. அவர் செய்துவந்த வேலையோ, பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியக்கூடியது: இடது பின்களத்திலிருந்து ரோபெர்டோ கார்லோஸ் எதிரணியின் மூலைவரை ஓடும்போது அவர் விட்ட இடத்தை நோக்கி நகர்வதும், பந்து பறிபோன நொடியில் எதிரணியின் முதல் பாஸைத் தடுப்பதும், ஜிதானும் ஃபிகோவும் பின்னால் ஓடிவர வேண்டிய தேவையைக் குறைப்பதுமே அது. அடுத்த பருவத்தில் பெக்கம் நடுக்களத்தின் மையத்தில் உழைத்து ஆடியும் அக்காவல் அமையவில்லை. வசந்த காலத்தில் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்துக்கு இறங்கியது. லீகில் வாங்கிய கோல்கள் 42இலிருந்து 54ஆக உயர்ந்தன. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் முதல் ஆட்டத்தை 4-2 என்று வென்றபின் மொனாக்கோவிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. அதே கோடையில் பின்களத் தலைவர் ஹியெர்ரோவும் பயிற்சியாளர் தெல் போஸ்க்கேயும் விலகியிருந்தனர் என்பதைக் கணக்கில் கொண்டாலும், மகலெலே சென்றடைந்த செல்சி 2004-05 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே வாங்கியதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. அவர் ஆடிய இடத்தை இங்கிலாந்தினர் அவர் பெயராலேயே அழைக்கத் தொடங்கினர்.

2014 ஜூலை 8 அன்று பெலோ ஓரிசோன்ட்டியில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 7-1 என்று தோற்றபோது, தண்டனையால் ஆடாத பின்களத் தலைவர் தியாகோ சில்வாவின் இன்மையே பெரிதும் பேசப்பட்டது. 23ஆம் நிமிடத்துக்கும் 29ஆம் நிமிடத்துக்கும் இடையே விழுந்த நான்கு கோல்களைப் பார்த்தால், ஜெர்மனியின் க்ரோஸும் கெதீராவும் ஷ்வைன்ஸ்டைகரும் நடுக்களத்தில் மும்முனையாக நிற்க, பிரேசிலின் லூயிஸ் குஸ்தாவோவும் ஃபெர்னாண்டினோவும் எண்ணிக்கையிலேயே பின்தங்கியிருந்தது தெரியும். ஆட்டத்தில் ஜெர்மனியின் நான்காவது கோல், க்ரோஸ் ஃபெர்னாண்டினோவின் காலிலிருந்து நேரே பறித்த பந்தால் வந்தது. நான்கு நாட்கள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தியாகோ சில்வா திரும்பினார்; நெதர்லாந்து மூன்று கோல்கள் அடித்தது. 2018 உலகக் கோப்பையில் காசெமிரோ முன்னால் நிற்க, அதே தியாகோ சில்வாவும் மிராண்டாவும் காத்த பின்களம் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரே கோல்தான் வாங்கியது. இரண்டு மஞ்சள் அட்டைகளால் காசெமிரோ ஆட இயலாமற்போன காலிறுதியில், பிரேசில் எடுத்த கார்னரிலிருந்து திரும்பிய பந்தைத் தன் பாதியில் பெற்ற பெல்ஜியத்தின் லுகாகு, மாற்றாக வந்த ஃபெர்னாண்டினோவைக் கடந்து நடுக்களம் முழுவதையும் ஓடிமுடித்து டி ப்ரைனவிடம் கொடுக்க, அவர் அடித்த கோலே பிரேசிலின் 2-1 தோல்வியை உறுதிசெய்தது.