ரஞ்சி கோப்பை 2025-26: நாளை தொடக்கம், மாநிலம் மாறிய வீரர்களால் மாறும் அணிகளின் பலம்

புது தில்லி, அக். 14: இந்தியாவின் முதன்மையான உள்நாட்டு முதல்தரக் கிரிக்கெட் தொடரான ரஞ்சி கோப்பையின் 91-ஆவது பதிப்பு புதன்கிழமை (அக். 15) தொடங்குகிறது. நடப்புச் சாம்பியன் விதர்பா உள்ளிட்ட 38 அணிகள் களமிறங்குகின்றன.

கடந்த பருவத்தில் சாம்பியனாகவும் இறுதிச் சுற்று வரையும் சென்ற அணிகளின் முக்கிய வீரர்கள் சிலர் இம்முறை வேறு மாநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். கோப்பையை வெல்ல உதவியவர் எதிர்முகாமில் நிற்கிறார். நீக்கப்பட்டவர் பக்கத்து மாநிலத்தில் புதிய தொடக்கத்தைத் தேடுகிறார். எனவே கடந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியலை வைத்து மட்டும் இந்த ஆண்டைக் கணித்துவிட முடியாது.

தொடரின் அமைப்பு

32 அணிகள் எலைட் பிரிவில் தலா 8 அணிகள் கொண்ட 4 குழுக்களாகவும், எஞ்சிய 6 அணிகள் பிளேட் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. எலைட் பிரிவில் ஒவ்வோர் அணியும் 7 லீக் ஆட்டங்களில் விளையாடும். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரு இடங்களைப் பெறும் அணிகள் காலிறுதிக்குத் தகுதி பெறும்.

கடந்த ஆண்டைப் போலவே தொடர் இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதல் ஐந்து சுற்றுகள் நவம்பர் 19 வரை நடைபெறும். அதன்பின் சையது முஷ்டாக் அலி டி20 தொடரும், விஜய் ஹசாரே ஒருநாள் தொடரும் முடிந்த பிறகு, ஜனவரி 22-இல் இரண்டாம் கட்டம் தொடங்கும். காலிறுதி ஆட்டங்கள் பிப்ரவரி 6-ஆம் தேதியும், இறுதி ஆட்டம் பிப்ரவரி 24-ஆம் தேதியும் தொடங்குகின்றன.

நேரடி வெற்றிக்கு 6 புள்ளிகள் வழங்கப்படும். இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ வென்றால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். ஆட்டம் சமனில் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்கு 3 புள்ளிகளும், பின்தங்கிய அணிக்கு ஒரு புள்ளியும் வழங்கப்படும்.

இந்த முன்னிலை எவ்வளவு முக்கியம் என்பதைக் கடந்த பருவம் காட்டியது. புணேயில் நடைபெற்ற காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரின் 280 ரன்களுக்கு எதிராக 281 ரன்கள் எடுத்த கேரளம், அந்த ஒரே ஒரு ரன் முன்னிலையால் அரையிறுதிக்குச் சென்றது. ஆமதாபாதில் நடைபெற்ற அரையிறுதியில் குஜராத்தின் 455 ரன்களுக்கு எதிராக 457 ரன்கள் சேர்த்து, முதல்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டியது. நாகபுரியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்திலோ 37 ரன்கள் பின்தங்கியதால் கோப்பையை விதர்பாவிடம் இழந்தது.

குழு ஏ: பட்டத்தைத் தக்கவைக்குமா விதர்பா?

விதர்பா, தமிழகம், பரோடா, ஆந்திரம், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிஸா, நாகாலாந்து ஆகியவை இக்குழுவில் உள்ளன.

2017-18, 2018-19, 2024-25 என மூன்று முறை பட்டம் வென்றுள்ள விதர்பாவுக்கு விக்கெட் கீப்பர் அக்ஷய் வாட்கர் தலைமை தாங்குகிறார். கடந்த பருவத்தில் 960 ரன்கள் குவித்துத் தொடரிலேயே முதலிடம் பிடித்த யஷ் ரத்தோட், 69 விக்கெட்டுகளுடன் ஒரே ரஞ்சி பருவத்தில் அதிக விக்கெட் வீழ்த்தியவர் என்ற சாதனையைப் படைத்த இடதுகை சுழற்பந்து வீச்சாளர் ஹர்ஷ் துபே, இறுதி ஆட்டத்தில் 153 ரன்கள் விளாசிய டேனிஷ் மலேவார் ஆகியோர் அணியின் தூண்கள். இம்மாதத் தொடக்கத்தில் இதர இந்திய அணியை 93 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி இரானி கோப்பையையும் விதர்பா கைப்பற்றியது.

எனினும், கடந்த பருவத்தில் 863 ரன்கள் சேர்த்ததுடன் இறுதி ஆட்டத்தில் 86, 135 ரன்கள் எடுத்த கருண் நாயர் இப்போது அணியில் இல்லை. விக்கெட் கீப்பர் ஜிதேஷ் சர்மா பரோடாவுக்கு மாறியுள்ளார். கர்நாடகத்தின் முன்னாள் தொடக்க வீரர் ஆர்.சமர்த் விதர்பாவில் இணைந்துள்ளார்.

1954-55, 1987-88 ஆகிய பருவங்களில் மட்டுமே பட்டம் வென்றுள்ள தமிழகம், கடந்த முறை காலிறுதியில் விதர்பாவிடம் 198 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. இம்முறை லீக் சுற்றிலேயே அந்த அணியைச் சந்திக்க வேண்டியுள்ளது. நடுவரிசையில் நீண்டகாலம் அணியைத் தாங்கிய ஆல்-ரவுண்டர் விஜய் சங்கர், தடையில்லாச் சான்றிதழ் பெற்றுத் திரிபுராவுக்குச் சென்றுவிட்டார். தமிழகத்தின் முதல் ஆட்டம் இஷான் கிஷண் தலைமையிலான ஜார்க்கண்டுக்கு எதிராகக் கோவையில் நடைபெறுகிறது.

கடந்த ஆண்டு பிளேட் பிரிவிலிருந்து உயர்ந்த நாகாலாந்துக்கு எலைட் பிரிவில் நீடிப்பதே முதல் இலக்காக இருக்கும். அந்த அணி முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் விதர்பாவை எதிர்கொள்கிறது.

குழு பி: ஐந்து முன்னாள் சாம்பியன்கள், ஓர் இறுதிப் போட்டியாளர்

கர்நாடகம், சௌராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், கோவா, சண்டீகர் ஆகிய அணிகள் இடம்பெற்றுள்ள இக்குழுவே கடினமானதாகத் தெரிகிறது. கடந்த 11 ஆண்டுகளில் பட்டம் வென்ற கர்நாடகம் (2014-15), சௌராஷ்டிரம் (2019-20, 2022-23), மத்தியப் பிரதேசம் (2021-22) ஆகிய மூன்றும் இங்கேயே உள்ளன. மகாராஷ்டிரத்தின் இரு பட்டங்களோ 1939-40, 1940-41 பருவங்களைச் சேர்ந்தவை.

எட்டு முறை சாம்பியனான கர்நாடகத்துக்கு மயங்க் அகர்வால் தலைமை தாங்குகிறார். அந்த அணியில் இடம் கிடைக்காமல் 2023-இல் விதர்பாவுக்குச் சென்று, அங்கு குவித்த ரன்களால் இந்திய டெஸ்ட் அணிக்குத் திரும்பிய கருண் நாயர், மீண்டும் தாய் மாநிலத்துக்கு விளையாடுகிறார். இங்கிலாந்துத் தொடருக்குப் பின் இந்திய அணியில் இடமிழந்த அவருக்கு இந்தப் பருவம் மற்றொரு மீள்வருகைக்கான வாய்ப்பு. முதல் ஆட்டத்தில் கர்நாடகம் ராஜ்கோட்டில் சௌராஷ்டிரத்தை எதிர்கொள்கிறது. முதல்தரக் கிரிக்கெட்டில் 21,000-க்கும் மேற்பட்ட ரன்கள் குவித்த சேதேஷ்வர் புஜாரா கடந்த ஆகஸ்டில் ஓய்வு பெற்றதால், ஜெயதேவ் உனத்கட் தலைமையிலான சௌராஷ்டிரம் அவரின்றிக் களமிறங்குகிறது.

பட்டியலில் அதிக மாற்றம் கண்ட அணிகளில் ஒன்று மகாராஷ்டிரம். அங்கித் பாவ்னே தலைமையிலான அணியில் ருதுராஜ் கெய்க்வாடுடன், மும்பையிலிருந்து வந்த பிருத்வி ஷா, கேரளத்திலிருந்து வந்த ஜலஜ் சக்சேனா ஆகியோர் சேர்ந்துள்ளனர். கடந்த பருவத்தின் நடுவே மும்பை அணியிலிருந்து நீக்கப்பட்ட ஷா, அண்மையில் அதே மும்பைக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் 181 ரன்கள் விளாசினார். ரஞ்சி கோப்பையில் 6,000 ரன்கள், 400 விக்கெட்டுகள் என்ற இரட்டைச் சாதனையை எட்டிய முதல் வீரரான சக்சேனா, ஒன்பது பருவங்கள் கேரளத்துக்கு விளையாடியவர்.

அந்தச் சக்சேனாவை முதல் ஆட்டத்திலேயே கேரளம் எதிர்கொள்கிறது. திருவனந்தபுரத்தில் மகாராஷ்டிரத்துடன் மோதும் கேரள அணிக்கு, கடந்த அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 177 ரன்கள் எடுத்த விக்கெட் கீப்பர் முகமது அசாருதீன் புதிய கேப்டன். சஞ்சு சாம்சன், முன்னாள் கேப்டன் சச்சின் பேபி, சல்மான் நிசார் ஆகியோருடன், தமிழகத்திலிருந்து சென்ற பாபா அபராஜித்தும் அணியில் உள்ளார். சக்சேனா கடந்த பருவத்தில் வீழ்த்திய 40 விக்கெட்டுகளுக்கு ஈடு செய்வதே அணியின் முதல் கவலை.

குழு சி: ஷமியை நம்பும் பெங்கால்

பெங்கால், குஜராத், ஹரியாணா, ரயில்வே, சர்வீசஸ், திரிபுரா, உத்தரகண்ட், அசாம் ஆகியவை இக்குழுவில் உள்ளன. அபிமன்யு ஈஸ்வரன் தலைமையிலான பெங்காலில் முகமது ஷமி, ஆகாஷ் தீப் என இரு சர்வதேச வேகப்பந்து வீச்சாளர்கள் இடம்பெற்றுள்ளனர். கடந்த மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பைக்குப் பின் இந்தியாவுக்கு விளையாடாத ஷமியின் உடல்தகுதியை இந்த ஆட்டங்களே வெளிப்படுத்தும். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டெஸ்ட் நவம்பர் 14-இல் கொல்கத்தாவில் தொடங்குவதால், தேர்வாளர்களைக் கவர அவருக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் மிகச் சிலவே.

1989-90-க்குப் பின் பெங்கால் பட்டம் வென்றதில்லை. விஜய் சங்கருடன், ஆந்திரத்திலிருந்து வந்த ஹனுமா விஹாரியையும் சேர்த்துள்ள திரிபுரா, அனுபவத்தால் அணியை வலுப்படுத்தியுள்ளது.

குழு டி: தலைமை மாறிய மும்பை

மும்பை, தில்லி, ராஜஸ்தான், ஹைதராபாத், ஜம்மு-காஷ்மீர், ஹிமாசலப் பிரதேசம், சத்தீஸ்கர், புதுச்சேரி ஆகியவை இக்குழுவில் உள்ளன.

42 முறை சாம்பியனான மும்பையின் கேப்டன் பொறுப்பிலிருந்து அஜிங்க்ய ரஹானே கடந்த ஆகஸ்டில் விலகியதை அடுத்து, ஷர்துல் தாக்குர் அப்பொறுப்பை ஏற்றுள்ளார். கடந்த பருவத்தில் அவர் 505 ரன்களும் 35 விக்கெட்டுகளும் எடுத்தார். ரஹானே பேட்டராகத் தொடர்கிறார். சர்ஃபராஸ் கான், 18 வயதான ஆயுஷ் மாத்ரே, சுழற்பந்து வீச்சாளர்கள் ஷம்ஸ் முலானி, தனுஷ் கோட்டியான் ஆகியோர் அணியில் உள்ளனர். முதுகுப் பிரச்னை காரணமாக நான்கு, ஐந்து நாள் ஆட்டங்களிலிருந்து ஆறு மாத ஓய்வு பெற்றுள்ள ஷ்ரேயஸ் ஐயர் விளையாடவில்லை.

மும்பையின் முதல் ஆட்டம் ஸ்ரீநகரில் ஜம்மு-காஷ்மீருக்கு எதிரானது. கடந்த ஜனவரியில் ரோஹித் சர்மா, ஜெய்ஸ்வால், ரஹானே ஆகியோர் அடங்கிய மும்பையை அதன் சொந்த மண்ணிலேயே 5 விக்கெட் வித்தியாசத்தில் ஜம்மு-காஷ்மீர் வீழ்த்தியது. தாக்குர் சதமடித்தும் அத்தோல்வியைத் தவிர்க்க முடியவில்லை. பராஸ் டோக்ரா தலைமையிலான அந்த அணியின் பெரும்பலம், கடந்த பருவத்தில் 44 விக்கெட்டுகள் வீழ்த்திய வேகப்பந்து வீச்சாளர் ஆகிப் நபி.

ஹைதராபாதில் நடைபெறும் மற்றோர் ஆட்டத்தில் ஆயுஷ் பதோனி தலைமையிலான தில்லியும், திலக் வர்மா தலைமையிலான ஹைதராபாதும் மோதுகின்றன. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20 தொடர் இம்மாத இறுதியில் தொடங்குவதால், திலக் வர்மாவை ஹைதராபாத் நீண்டநாள் பயன்படுத்த இயலாது. சர்வதேச அட்டவணை இவ்வாறு குறுக்கிடுவதால், பல மாநிலங்கள் முதல் ஓரிரு ஆட்டங்களுக்கு மட்டுமே அணியை அறிவித்துள்ளன.

பிளேட் பிரிவு: 14 வயது துணை கேப்டன்

பிகார், மேகாலயம், மணிப்பூர், மிஸோரம், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகியவை பிளேட் பிரிவில் விளையாடுகின்றன. கடந்த முறை எலைட் பிரிவிலிருந்து தரமிறங்கிய பிகாரின் துணை கேப்டனாக, முதல் இரு சுற்றுகளுக்கு 14 வயதான வைபவ் சூர்யவன்ஷி நியமிக்கப்பட்டுள்ளார். சகிபுல் கனி கேப்டன். அந்த அணி முதல் ஆட்டத்தில் பாட்னாவில் அருணாசலப் பிரதேசத்தைச் சந்திக்கிறது.

இதுவரை இரண்டு அணிகள் மேலேறி, இரண்டு அணிகள் கீழிறங்கிய நிலையில், இந்தப் பருவம் முதல் ஓர் அணி மட்டுமே மேலேறும். 32 எலைட் அணிகளில் கடைசி இடம் பெறும் ஓர் அணி மட்டுமே கீழிறங்கும். இது எலைட் பிரிவின் கீழ்வரிசை அணிகளுக்கு ஆறுதல். ஆனால் பிளேட் பிரிவிலிருந்து வெளியேறும் வாசல் பாதியாகச் சுருங்கிவிட்டது.

பட்டியலில் இடம் என்பதன் பொருள்

ஒரு மாநில அணி அதிகபட்சம் மூன்று வெளிமாநில வீரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அனுபவமிக்க ஒருவர் வெளியிலிருந்து வரும்போது அணி வலுப்பெறுகிறது. அதே வேளையில் உள்ளூர் வீரர் ஒருவரின் இடம் குறைகிறது.

அந்த இடத்துக்குப் பொருளாதார மதிப்பும் உண்டு. பிசிசிஐ 2021-இல் திருத்திய ஊதிய விகிதத்தின்படி, 40-க்கும் அதிகமான ஆட்டங்களில் விளையாடியவருக்கு நாளொன்றுக்கு ரூ.60,000, 21 முதல் 40 ஆட்டங்கள் வரை விளையாடியவருக்கு ரூ.50,000, அதற்குக் குறைவானவர்களுக்கு ரூ.40,000 வழங்கப்படுகிறது. களமிறங்கும் பதினொருவரில் இல்லாத மாற்று வீரர்களுக்கு இதில் பாதியே கிடைக்கும். ஏழு லீக் ஆட்டங்களிலும் நான்கு நாள்கள் வீதம் விளையாடும் ஓர் இளம் வீரர் ரூ.11.20 லட்சம் பெறுவார். பருவம் முழுவதும் மாற்று வீரராகவே அமர்ந்திருப்பவருக்கு ரூ.5.60 லட்சம். பட்டியலிலேயே இடம்பெறாதவருக்கு இந்த ஊதியம் இல்லை.

மாற்று வீரர்களின் முக்கியத்துவத்தைக் கூட்டும் விதி ஒன்றும் இப்பருவத்தில் அறிமுகமாகியுள்ளது. ஆட்டத்தின்போது களத்தில் எலும்பு முறிவு, ஆழமான வெட்டுக்காயம் போன்ற கடுமையான காயமடையும் வீரருக்குப் பதிலாக, அதே திறன் கொண்ட மாற்று வீரரை ஆட்ட நடுவரின் ஒப்புதலுடன் முழுமையாகக் களமிறக்கலாம். டாஸின்போது அளிக்கப்படும் மாற்று வீரர் பட்டியலிலிருந்தே பொதுவாக அவரைத் தேர்வு செய்ய வேண்டும். பல நாள் ஆட்டங்களுக்கு மட்டுமே இவ்விதி பொருந்தும். முஷ்டாக் அலி, விஜய் ஹசாரே தொடர்களுக்குப் பொருந்தாது.

எனவே பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது பெயர்களாக யாரைச் சேர்ப்பது என்பதும் இனி அணித் தேர்வில் முக்கிய முடிவாகிறது. ஒரே ஒரு ரன்னில் அரையிறுதி வாய்ப்பு கைநழுவிய தொடரில், அத்தகைய முடிவுகளும் புள்ளிப் பட்டியலில் எதிரொலிக்கக்கூடும்.