கடாரக் கரையின் கல்லும் எலும்பும்

சுங்கை பினாங்கிலிருந்து ஜெலுத்தோங் வழியே தெற்கே சென்றால் குளுகோர் வரும். அங்கேதான் மின்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1969இல் தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகம் துவாங்கு பௌசியா என்னும் பெயரில் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் நடத்தி வருகிறது. அதன் தொல்லியலாளர்கள் வடமலேசியாவின் மண்ணை நெடுங்காலமாக அகழ்ந்து வருகின்றனர். பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்தில் சுராய்னா மஜிட் குழுவினர் கண்டெடுத்த 'பேராக் மனிதன்' பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவன். 2012இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுடைமை ஆயிற்று.

கடாரம் என்றதும் நம் வகுப்பறைகளில் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். தஞ்சைக் கல்வெட்டு அதற்குச் சான்று, மறுப்பதற்கில்லை. பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்னும் சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கொண்டார். எனினும் அவ்வுரை நூலுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். வென்ற கதையை மட்டும் கேட்ட பிள்ளை, வென்ற ஊரில் அதற்கு முன்பே என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

இருந்ததைச் சொல்வது ஒரு கல். 1834இல் ஜேம்ஸ் லோ, செபராங் பிறையின் வட பகுதியில் அதைக் கண்டார். கல்லில் தூபி ஒன்றின் வடிவம் செதுக்கப்பட்டுள்ளது. எழுத்து தென்னக மரபினது, மொழி வடமொழி, காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. இரத்தமிருத்திகை என்னும் ஊரினனாகிய புத்தகுப்தன் என்ற மாநாவிகனை அது குறிக்கிறது. மாநாவிகன் பெருங்கலத் தலைவன். கண்ணகியின் தந்தையாகிய மாநாய்கனின் பெயர் இச்சொல்லின் திரிபே எனக் கொள்வோரும் உளர். ஒலி வழியில் அது இயலாததன்று. ஆயினும் 'நாயகன்' என்னும் சொல்லும் அருகிலேயே நிற்பதால் நாம் துணிந்து முடிவு கூறுவதில்லை.

இரத்தமிருத்திகை என்றால் செம்மண். சீனக் குறிப்புகளில் 'செம்மண் நாடு' எனப் பொருள்படும் ஒரு நாடு உண்டு. ஆகவே புத்தகுப்தன் இத்தீபகற்பத்தவனே என அறிஞர் சிலர் கருதினர். பின்னர் 1962இல் தொடங்கிக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் வங்காளத்து ராஜபாடிடாங்காவில் அகழ்ந்தபோது, இரத்தமிருத்திகை மடத்தின் பெயர் பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. அதன்பின் அவன் வங்கத்து மாலுமி என்னும் கருத்து வலுப்பெற்றது. எழுத்தைக் கண்டவுடன் 'தமிழன்' என்று எழுதிவிடும் அவசரத்துக்கு இந்த ஒரு முத்திரை போதிய மறுமொழி. வங்க மாலுமி, தென்னக எழுத்து, மலாய்க் கரை மூன்றும் ஒரு கல்லில் கூடியது தமிழர்க்குக் குறைவு ஆகுமா என்ன?

அக்கல் இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே செபராங் பிறையில் குவார் கெப்பாவின் சிப்பி மேடுகளில் அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றன. அவற்றைத் திருப்பித் தருமாறு பினாங்கு மாநில அரசு கேட்டது. 2017இல் அவ்விடத்திலேயே காட்சிக்கூடம் எழுப்பும் பணியின்போது மற்றோர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றனர். இதற்கே 'பினாங்குப் பெண்' எனப் பெயர் வழங்குகிறது.

வெளியே போனவை போகட்டும் என்று விடலாமா? உள்ளே இருப்பதும் நிலைப்பதில்லை. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்பு நிலத்துக்காக இடிக்கப்பட்டது. 1930களிலேயே குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து பதிவு செய்த வட்டாரம் அது. அண்மையில் உள்ள சுங்கை பத்துத் தொல்லியல் களத்திலோ, பல்கலைக்கழகத்தார் 2009 முதல் இரும்பு உருக்கிய உலைகளையும் காற்றூது குழல்களையும் வெளிக்கொணர்ந்து வந்தனர். கோயில்களையே பார்த்துப் பழகிய நமக்கு அவ்வுலைகள் உழைத்தவர்களைக் காட்டுகின்றன. அவர்கள் எம்மொழி பேசினர் என்பதற்கு உலை சான்றாகாது.

பள்ளிச் சுற்றுலா நடத்தும் ஆசிரியர்க்கு ஒரு சொல். படகில் பட்டர்வொர்த் கடந்து வடக்கே சென்றால் முதலில் குவார் கெப்பா. மூடா ஆற்றைத் தாண்டினால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பகாட் சண்டியும். ஒரே நாளில் முடியும். புறப்படுமுன் கொல்கத்தாக் கல்லின் நிழற்படம் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து விடுங்கள்.